பொய்யறியும் கருவி எதை அறிகிறது?

மாணவர்களே, சம்பா அறுவடைக் காலத்தில் முத்துப்பேட்டைப் பக்கத்து நெல் கொள்முதல் நிலையம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பிடி நெல்லை ஈரப்பதமானியில் இட்டால், '17 சதவீதம்' என்பது போல ஓர் எண் தெரியும். (அந்த எண்ணை வைத்து அங்கே நடக்கும் வாக்குவாதம் வேறு கதை!) கருவி நீரை நேரடியாக அளப்பதில்லை, நெல்லின் மின்பண்பை அளந்து ஈரத்தைக் கணிக்கிறது. ஐயம் எழுந்தால், அதே நெல்லை எடைபோட்டு, உலர்த்தி, மீண்டும் எடைபோட்டுச் சரிபார்க்கலாம்.

பொய்யறியும் கருவியும் இவ்வகையைச் சேர்ந்ததே. விரல்களில் இரண்டு மின்முனைகளைப் பொருத்துகிறார்கள். வியர்வை சுரந்தால் தோலின் மின்தடை குறையும். மார்பைச் சுற்றிய குழாய் மூச்சையும், கைப்பட்டை இரத்த அழுத்தத்தையும் நாடியையும் பதிவு செய்யும். 1921இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரக் காவல்துறையில் பணியாற்றிய ஜான் லார்சன் இத்தகைய கருவியை உருவாக்கினார்.

இந்த அளவீடுகளில் பெரிய குறை இல்லை. ஆனால் வியர்வைக்கும் பொய்க்கும் என்ன உறவு? வகுப்பில் ஒரு பேனா காணாமற் போகிறது. ஆசிரியர் உங்களையே உற்றுப் பார்க்கிறார். எடுக்காத உங்கள் உள்ளங்கையும் நனைகிறதல்லவா? அச்சம், சினம், வெட்கம் எல்லாவற்றுக்கும் உடல் ஏறக்குறைய ஒரே விடைதான் தருகிறது. பொய்க்கென்று தனி அடையாளம் இல்லை. நெல்லை உலர்த்திப் பார்ப்பதுபோல் இங்கே சரிபார்க்கவும் வழியில்லை.

மறுபுறம், சோவியத் நாட்டுக்கு இரகசியங்களை விற்றுவந்த அமெரிக்க உளவுத்துறை அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986இலும் 1991இலும் இச்சோதனையில் தேறிவிட்டார்! 1994இல்தான் பிடிபட்டார்.

ஒரு கணக்குப் போடுவோம். 1000 பேரில் 10 பேர் பொய்யர்கள். கருவி நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்லும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 10 பொய்யர்களில் 9 பேர் அகப்படுவர். மீதி 990 பேரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 99 பேர், உண்மை பேசியும் அகப்படுவர். ஆக, கருவி கைகாட்டும் 108 பேரில் 99 பேர் குற்றமற்றவர்கள். அந்த 99 பேரில் நீங்களும் ஒருவராக இருந்தால்?

2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில், ஒருவரது இசைவின்றி இச்சோதனையைச் செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இசைந்து செய்துகொண்டாலும் சோதனை முடிவு சான்றாகாது. ஆனால் அதன் உதவியால் பின்னர் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அதைச் சான்றாக ஏற்கலாம். கிடைத்தது கத்தி என்றால், அதில் கைரேகை இருக்கிறதா என்று பார்க்க முடியுமே!