ஓய்ந்த கைக்கு ஓயாத பயிற்சி

பாரிசவாதம் வந்து ஒரு வருடம் கடந்தால் கை இனித் திரும்பாதென்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். அப்படி விடத் தேவையில்லை.

2021இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கா, பிரித்தானியாவைச் சேர்ந்த 108 பேர் பங்குபற்றினர். நோய் கண்டு 9 மாதம் முதல் 10 வருடம் வரை சென்றவர்கள். நெஞ்சுத் தோலின் கீழ் சிறு கருவி வைத்து, கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்புடன் இணைத்தார்கள். நோயாளி கையை நீட்டிப் பொருளைப் பிடிக்கும் அதே கணத்தில் நரம்புக்கு அரைச் செக்கன் மின்தூண்டல். அசைவும் தூண்டலும் ஒன்றாக நிகழ்ந்தால் மூளை அந்த அசைவை மீளப் பழகிக்கொள்ளும் என்பதே எண்ணம். ஒவ்வொரு அமர்விலும் 300 தடவைக்கு மேல், கிழமைக்கு மூன்று நாள், ஆறு கிழமை. பின்னர் வீட்டிலும் பயிற்சி. மூன்று மாதத்தின் பின் ஏறத்தாழப் பாதிப் பேரில் நல்ல முன்னேற்றம். தூண்டலின்றிப் பயிற்சி மட்டும் செய்தோரில் கால்வாசிப் பேருக்கு.

நமக்கு அந்தக் கால்வாசிதான் முக்கியம். கருவிக்குச் சத்திரசிகிச்சையும் பெரும் பணமும் வேண்டும்; பயிற்சிக்குப் பொறுமை போதும். வத்தளைக்கு அண்மையில் றாகமவில் அரச புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. இயன்மருத்துவர் காட்டித்தருவதை வாடகை அறையிலும் செய்யலாம். ஒரு பாய் விரிக்க இடமிருந்தால் சரி. சுளகில் பயறு பொறுக்குவது, சிரட்டையால் தண்ணீர் அள்ளுவது, மண்வெட்டிப் பிடியைப் பற்றி விடுவது: ஊரில் பழகிய வேலைகள்தானே. எண்ணிச் செய்யுங்கள். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து நோயாளியை எழுப்பாதீர்கள், தோள்மூட்டு விலகிவிடும்.