நாய்க்கும் பல் துலக்க வேண்டுமா?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது அன்பர் ஒருவர், "சார், நீங்கள் தினமும் நாய்க்குப் பல் தேய்த்துவிடுகிறீர்களாமே! நம் ஊரில் எந்த நாய்க்கு யார் பல் தேய்த்தார்கள்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. 6 வருடங்களுக்கு முன் நானும் இதே கேள்வியைக் கேட்டவன்தான். அதன் பலனை எங்கள் ஜிம்மி அனுபவித்தது.

ஜிம்மி பொமரேனியன் ஜாதி. அதற்கு 7 வயதானபோது வாயிலிருந்து துர்நாற்றம் வந்தது. நாயின் வாய் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். பிறகு சப்பாத்தித் துண்டை ஒரு பக்கமாகவே மெல்ல ஆரம்பித்தது. கால்நடை மருத்துவர் அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். பற்களில் பழுப்பு நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. ஈறுகள் சிவந்து வீங்கியிருந்தன. மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்து, 9 பற்களைப் பிடுங்க வேண்டியதாயிற்று. "இத்தனை நாளும் வலியோடுதான் சாப்பிட்டிருக்கிறது" என்றார் அவர். அந்த வார்த்தை இன்னும் என் மனதை உறுத்துகிறது.

குட்டி நாய்க்குப் பால்பற்கள் 28. அவை ஏறக்குறைய 6 மாதத்தில் விழுந்து முளைத்து, வளர்ந்த நாய்க்கு 42 பற்கள் ஆகின்றன. சாப்பிட்ட பின் கிருமிகள் சேர்ந்து பல்லின் மேல் வழவழப்பான படலம் ஒன்று உண்டாகிறது. நாயின் உமிழ்நீர் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் நாய்களுக்குச் சொத்தைப் பல் குறைவு. ஆனால் அதே காரணத்தால் உமிழ்நீரிலுள்ள உப்புகள் அந்தப் படலத்தில் படிந்து இரண்டு மூன்று நாட்களில் கெட்டிக் காரையாகிவிடும். கிருமிகள் ஈறுக்கு அடியில் இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பையே அரித்துவிடும். 3 வயதைத் தாண்டிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஈறு நோயின் அறிகுறி ஏதாவது இருக்கும். பொமரேனியன் போன்ற சிறிய நாய்களுக்குப் பற்கள் நெருக்கமாக இருப்பதால் தொல்லை அதிகம்.

ரயில்வேயில் நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில் பாய்லரைக் குறித்த நாட்களில் கழுவிவிடுவோம். சேறாக இருக்கும்போது தண்ணீரைப் பீய்ச்சினாலே போய்விடும். கெட்டிப்பட்டுவிட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பல்லும் அப்படியே. படலத்தை நாம் பிரஷ்ஷால் எடுத்துவிடலாம். காரையை மருத்துவர்தான் எடுக்க முடியும். வாரம் ஒருமுறை தேய்த்தால் போதாது என்பதும் இதனால்தான்.

"தெருநாய்க்கு யார் தேய்க்கிறார்கள்?" என்பார்கள். அதன் வாயைத் திறந்து பார்த்தவர் யார்? அது வாழ்வதும் சில வருடங்களே. வீட்டு நாய் 12, 14 வருடம் வாழ்கிறது. எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்பதும் ஆபத்தான யோசனை. கெட்டியான எலும்பால் பெரிய கடைவாய்ப் பல் பிளந்துவிடலாம். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

செய்யும் முறை இதுதான்:

1. நம் பற்பசை கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். சில பற்பசைகளில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பு, நாயின் ரத்தச் சர்க்கரையைத் திடீரென இறக்கிவிடும்; ஈரலையும் கெடுக்கும். நாய்க்கென்றே விற்கும் பசையை வாங்குங்கள். அதில் கோழிக்கறி வாசனை வருகிறதே என்று எங்கள் வீட்டில் முதலில் முகம் சுளித்தார்கள்! பசை இல்லாவிட்டால் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலும் பலன் உண்டு.

2. முதல் வாரம் பிரஷ் வேண்டாம். விரலில் ஈரத்துணி சுற்றி உதட்டுக்குள் மெல்லத் தடவிப் பழக்குங்கள்.

3. பிறகு மிருதுவான பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து, பல்லும் ஈறும் சேரும் இடத்தில் தேயுங்கள். வெளிப்பக்கம்தான் முக்கியம். மேல் கடைவாய்ப் பற்களை விட்டுவிடாதீர்கள்.

4. தினமும் செய்வது உத்தமம். முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள். உறுமினால் நிறுத்திவிடுங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம்.

5. ஈறு ஏற்கெனவே சிவந்து ரத்தம் கசிந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்கும் வாயில் பிரஷ்ஷை வைத்தால் பிறகு எப்போதும் வாயைத் திறக்காது.

ஜிம்மிக்கு இப்போது 13 வயது. மிச்சமிருந்த 33 பற்களும் அப்படியே இருக்கின்றன. இரவு சாப்பாடு முடிந்ததும் தானாகவே வந்து என் நாற்காலி பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறது.

நாய் வளர்க்கும் அன்பர்கள் இன்றைக்கே அதன் மேலுதட்டைத் தூக்கி ஒருமுறை பாருங்கள். தனக்குப் பல் வலிக்கிறது என்று சொல்ல அதற்கு வாய் இல்லை.