போஸ்டரின் பின்பக்கம்

அன்புள்ள இளம் வடிவமைப்பாளருக்கு,

மெட்டல் இசைக்கென்று தமிழில் ஓர் இதழ் கொண்டுவர நினைக்கிறீர்கள்; அதற்கு முன்னோட்டமாக ஒரு மாதிரி இதழ் செய்யப்போகிறீர்கள். இப்படித் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு ஃபோல்டர் திறந்து, கண்ணில் பட்ட வெளிநாட்டு மெட்டல் இதழ்களின் அட்டைகளையெல்லாம் அதில் போட்டு நிரப்புவார்கள். கறுப்புப் பின்னணி, முள் முளைத்த பழைய ஜெர்மானிய எழுத்து, விரிசல் விட்ட கண்ணாடிபோல் தலைப்பு, மண்டையோடு, கொஞ்சம் ரத்தம். இந்த இசையின் மரபு இதுதான் என்று மனசு முடிவு கட்டிவிடும். அப்புறம் அதைப் பின்பற்றுவதா மீறுவதா என்பது ஒன்றுதான் பாக்கி. அந்தக் கேள்விக்குப் போவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய வேறொன்று இருக்கிறது என்பது என் கட்சி. இசை இதழ்களில் நிலைத்துப்போன மரபுகளுக்கு அந்த இசையின் ஒலியோடு இருக்கும் உறவு குறைவு. ரசிகர்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டுபோய் என்ன செய்தார்கள் என்பதிலிருந்தே அவை பெரும்பாலும் பிறந்தன. கிழித்துச் சுவரில் ஒட்டினார்களா, பார்த்துப் பாடினார்களா, வாத்தியத்தை மடியில் வைத்துப் பழகினார்களா, மதிப்பெண்ணைக் காட்டிச் சண்டை போட்டார்களா? தாள், மடிப்பு, பைண்டிங், எழுத்தின் அளவு எல்லாம் அதற்கேற்ப வளைந்து கொடுத்திருக்கின்றன.

ரோலிங் ஸ்டோனை எடுத்துக்கொள்ளுங்கள். 1967 நவம்பரில் அது சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியபோது அந்த ஊர் ராக் இசைக்கு ஏற்கெனவே ஒரு தோற்றம் இருந்தது. ஃபில்மோர் அரங்கத்துக்கு வெஸ் வில்சன் வரைந்த போஸ்டர்களில் எழுத்துகள் தீயாய் நெளிந்தன. ஆரக்கிள் என்ற பத்திரிகை வானவில் நிறங்களை ஒன்றோடொன்று கரையவிட்டு அச்சடித்துக்கொண்டிருந்தது. யான் வென்னரும் ரால்ஃப் கிளீசனும் அந்த உலகத்திலிருந்து உருவிக்கொண்டது ஏறக்குறைய ஒன்றே ஒன்றுதான்: போஸ்டர் ஓவியர் ரிக் கிரிஃபின் வரைந்த பெயரெழுத்து. மற்றபடி மடித்த நியூஸ்பிரிண்ட், நேரான பத்திகள், பக்கத்தைச் சுற்றித் தடித்த கோடும் மெல்லிய கோடுமாக ஒரு சட்டம். வென்னர் முன்பு வேலை பார்த்த ராம்பார்ட்ஸ் என்ற அரசியல் பத்திரிகைக் குடும்பத்தின் சாயல் அது. காரணம் புரியாததல்ல. போஸ்டர் சுவரில் வாரக்கணக்கில் தொங்கும். எழுத்தைக் கண்டுபிடித்துப் படிப்பதே அங்கே ஒரு விளையாட்டு. ஆயிரக்கணக்கான சொற்கள் ஓடும் நேர்காணலைப் படித்துவிட்டு நண்பனோடு வாதாடப்போகிறவனுக்கு அந்த விளையாட்டு தலைவலி. இசை ஒன்றேதான், ரசிகரும் ஒருவரேதான்; பயன் மாறியதும் பக்கம் மாறிவிட்டது.

பங்க் இதழ்கள் இதற்கு எதிர்முனையில் நிற்பதுபோலத் தோன்றும். 1976இல் லண்டனில் மார்க் பெர்ரி தொடங்கிய ஸ்னிஃபின் க்ளூ தட்டச்சுப் பொறியில் அடித்து, தலைப்புகளை ஸ்கெட்ச் பேனாவால் கிறுக்கி, ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்த தாள். அடித்தல் திருத்தல்கூட அப்படியே இருக்கும். கோபத்தைக் காட்டுவதற்காக யாரோ உட்கார்ந்து வடிவமைத்த தோற்றம் என்று இன்று பாடம் நடத்துகிறார்கள். கையில் இருந்த கருவியும் காசும் அவ்வளவுதான் என்பது அதைவிட எளிய விளக்கம். ஆனால் அதோடு நின்றுவிட்டால் முக்கியமானதைத் தவறவிடுவோம். 1977 ஜனவரியில் சைட்பர்ன்ஸ் என்ற இன்னொரு சிற்றிதழ் மூன்று கிட்டார் கார்டுகளுக்கு விரல் வைக்கும் இடங்களைக் கையால் வரைந்து ஒரு பக்கத்தில் போட்டு, இனிப் போய் உன் குழுவைத் தொடங்கு என்று எழுதியது. இந்தப் பக்கத்தை ஸ்னிஃபின் க்ளூவின் கணக்கில் எழுதிவிடுகிறவர்கள் உண்டு, அது தவறு. அந்தப் பக்கம் அழகாக இருந்திருந்தால் வேலைக்கு ஆகியிருக்காது. இவ்வளவு மோசமாக வரைந்தும் அச்சேறியிருக்கிறதே, நாமும் செய்யலாமே என்று படிக்கிறவனுக்குத் தோன்ற வேண்டும். அந்தக் கிறுக்கலின் பயன் அதுதான். இன்று அதே கிறுக்கலை விலைக்கு வாங்கிய எழுத்துருவில் தட்டச்சு செய்து பளபளக்கும் தாளில் அச்சிடும்போது மிஞ்சுவது மாறுவேடம்.

இனி உங்கள் மெட்டலுக்கு வருவோம். 1981 ஜூனில் சவுண்ட்ஸ் வார இதழின் இணைப்பாக, ஜெஃப் பார்ட்டன் ஆசிரியத்துவத்தில், அட்டையில் ஏசி/டிசியின் ஆங்கஸ் யங்கோடு கெராங்! வந்தது. கிட்டாரை ஓங்கி அறைந்தால் எழும் சத்தமே பெயர். உங்கள் ஃபோல்டரில் அதன் உடைந்த பெயரெழுத்து கட்டாயம் இருக்கும். அதை விட்டுவிட்டு அதன் போஸ்டர்களைப் பாருங்கள். அந்த ரசிகனுக்குப் பதினைந்து பதினாறு வயது. ஒரு அறை, நாலு சுவர், வீட்டாரோடு ஒரு பிணக்கு. இதழின் பாதி உயிர் அந்தச் சுவரில். இதை ஒப்புக்கொண்டதும் அடுக்கடுக்காக முடிவுகள் வந்து விழுகின்றன. பசை வைத்து ஒட்டும் பைண்டிங்கில் நடுப்படம் மடிப்புக்குள் புதைந்து பாடகரின் மூக்கு காணாமல் போகும்; எனவே சென்டர் பின். சென்டர் பின்னில் நடு இரண்டு பக்கமும் ஒரே தாள். பின்னை நிமிர்த்தினால் படம் முழுசாக வரும். 64 பக்க இதழில் 32ஆம் 33ஆம் பக்கம் போஸ்டர் என்றால் அதன் முதுகில் இருப்பவை 31உம் 34உம். நல்ல நேர்காணலின் கடைசிப் பத்தியை 31இல் வைத்தால், வாசகன் ஒன்று போஸ்டரை ஒட்டாமல் விடுவான், அல்லது நேர்காணலை இழப்பான். அங்கே விளம்பரமோ, தேதி முடிந்ததும் செத்துப்போகும் கச்சேரிப் பட்டியலோ போகட்டும். உள்ளே போகப்போகத் தாள்கள் வெளியே பிதுங்கும்; கட்டிங்கில் நடுப்பக்கம்தான் அதிகம் வெட்டுப்படும், ஆகவே ஓரத்தில் எதையும் ஒட்டி வைக்காதீர்கள். நடு நான்கு பக்கத்தை மட்டும் ஆர்ட் பேப்பரில் தனியாக அடித்துச் செருகிக்கொள்ளவும் முடியும். முள் முளைத்த எழுத்து ஒன்றுகூட இல்லாமலே இவ்வளவும் மெட்டல் இதழின் வடிவமைப்புதான்.

மற்ற வகை இசைகளிலும் இதே கதை. 1978இல் நிக் லோகன் தொடங்கிய ஸ்மாஷ் ஹிட்ஸ் பாப் பாடல்களின் வரிகளை அச்சிட்டது. நம் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தின் வண்ணத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். சேர்ந்து பாடுவதற்கான பக்கம் என்பதால் பாட்டு ஒரே பார்வையில் அடங்க வேண்டும், பக்கம் புரட்டவைக்கக் கூடாது. ஜாஸுக்கான டவுன்பீட்டை வாசிப்பவர்களில் வாசிக்கத் தெரிந்தவர்களும் (வாத்தியத்தைச் சொல்கிறேன்) நிறைய. அதனால் தனி ஆவர்த்தனங்களை இசைக்குறியீட்டில் எழுதிப் போடும் பகுதி அங்கே உண்டு. கர்நாடக இசையில் ஸ்வர வரிக்குக் கீழே சாகித்யம் அட்சரத்துக்கு அட்சரம் நேராக உட்கார வேண்டும் என்பதும், தாளத்தின் அங்கத்துக்கு ஒற்றைக் கோடு, ஆவர்த்தன முடிவுக்கு இரட்டைக் கோடு என்பதும் பாடிப் பழகுகிறவரின் விரல் கேட்ட ஒழுங்கு. கோயில் கோபுரமும் தம்பூராவும் வரைந்த அட்டையைப் போட்டுவிட்டு உள்ளே அந்த நேர்வரிசையைக் குலைத்த பக்கம் யாருக்கும் உதவாது. 1988இல் ஹார்வர்டில் ஒரு வானொலி நிகழ்ச்சியின் துண்டறிக்கையாகத் தொடங்கிய தி சோர்ஸ், ஹிப்ஹாப் ஆல்பங்களுக்கு மைக் படங்களால் மதிப்பெண் போட்டது. 1994இல் நாஸின் இல்மாட்டிக்குக் கொடுத்த ஐந்து மைக் பற்றி இன்னும் பேச்சு ஓயவில்லை. தெருமுனையில் வாதாடுகிறவனுக்குத் தூரத்திலிருந்தே தெரிகிற சின்னம் தேவைப்பட்டது.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும். கடையில் தொங்கும் இருபது இதழ்களுக்கு நடுவே இது மெட்டல் இதழ் என்று ஒரு கணத்தில் தெரிய வேண்டாமா? வேண்டும், அட்டையின் பயன் அதுவே. ஆனால் அந்த அடையாளத்தை யார் சுமக்கிறார்கள் என்று கவனியுங்கள். பெல்ஜியத்துக் கிறிஸ்டோஃப் ஸ்பைடெல் போன்றவர்கள் மெட்டல் குழுக்களுக்கு வரைந்த, வேர் பின்னியதுபோன்ற பெயரெழுத்துகள் பல தெரிந்தவருக்கு மட்டுமே படிக்கக் கிடைப்பவை. அந்தக் குழுவுக்கு அது சரி. உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவர் என்று அது பிரிக்கிறது. இதழோ பத்துக் குழுக்களின் பெயர்களை ஒரே அட்டையில் போட வேண்டியது. எல்லாமே முள்ளாக இருந்தால் எதுவும் குத்தாது. இதழின் சொந்த எழுத்து தடித்து, நேராக, படிக்கும்படி இருந்தால்தான் குழுக்களின் எழுத்து எடுபடும். தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த ஜெர்மானிய எழுத்துக்குப் பின்னால் ஐரோப்பியத் தேவாலயம், கையெழுத்துப் பிரதி, கல்லறை எல்லாம் இருக்கின்றன. மெட்டல் அவற்றோடு மல்லுக்கட்டிய இசை. தமிழ் எழுத்துக்கு முள் வைத்தால் நம் கண்ணுக்குத் தெரிவது பழைய பேய்ப்பட விளம்பரம். அதை வேண்டுமென்றே கேலியாகப் பயன்படுத்துவதானால் சரி, தெரியாமல் அதில் போய் விழுந்துவிடாதீர்கள்.

கறுப்புப் பக்கத்துக்கும் இதே சோதனை. வெளிநாட்டு இதழ்களில் கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து வழுவழுத் தாளில் வருகிறது. உங்கள் பட்ஜெட்டில் கிடைக்கப்போகும் தாள் மை குடிக்கும். மை பரவினால் வெள்ளைக் கோடுகள் மெலியும். ண, ஞ, ஐ போன்ற சுழி எழுத்துகளின் உட்குழிவுதான் முதலில் அடைபடும். கறுப்பை நான்கு நிறம் கலந்து அடித்தால் பதிவு கொஞ்சம் விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப்பார்க்கும். கட்டுரைப் பக்கத்தில் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தே இருக்கட்டும். ரிவர்ஸ் வேண்டுமென்றால் தலைப்பில், பெரிய அளவில், ஒற்றைக் கறுப்பின் மேல்.

இதையெல்லாம்விட வலுவான எதிர்வாதம் ரே கன். 1992இல் தொடங்கிய அந்த அமெரிக்க இதழில் டேவிட் கார்சன் பத்திகளை மோதவிட்டார், வரிகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றினார். 1994இல் பிரையன் ஃபெர்ரியின் நேர்காணல் சலிப்பூட்டுகிறது என்று அதை முழுக்க வெறும் குறியீடுகளாலான ஸாப்ஃப் டிங்பேட்ஸில் அச்சிட்டார். ஓர் எழுத்துகூடப் படிக்க முடியாது. பயன் பயன் என்கிறீர்களே, பயனையே தூக்கி எறிந்த இதழ்தானே வடிவமைப்பு வரலாற்றில் நிற்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு பதில். அதே இதழின் பின்பகுதியில் அந்த நேர்காணல் படிக்கும் எழுத்தில் முழுசாக இருந்தது. கதை சொல்பவர்கள் வழக்கமாக இதை விட்டுவிடுகிறார்கள். அடுத்தது, அந்த இதழை வாங்கியவர்களில் பெரும்பகுதியினர் அதை ஒரு காட்சிப் பொருளாகப் பார்த்துப் பத்திரப்படுத்தினார்கள் என்பது என் ஊகம். அவர்களுக்குக் குழப்பமே பயன். கார்சனின் துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வாசகர் உங்களிடம் இருக்கிறாரா என்பதே கேள்வி. தமிழில் மெட்டல் பற்றி முதல்முறையாகப் படிக்கப்போகிற ஒருவருக்கு, எழுதியிருப்பதே புதிது; எழுத்தையும் மறைத்துவிட்டால் அவருக்கு என்ன மிஞ்சும்?

அச்சிதழே போய்விட்ட காலத்தில் இந்தப் பின்னும் மடிப்பும் எதற்கு என்ற கேள்வி பாக்கி. 1952இல் பிறந்த பிரிட்டிஷ் இசை இதழ் என்எம்இ 2018இல் வாராந்தர அச்சை நிறுத்தியது. 1986இல் பிறந்த க்யூ 2020இல் மூடப்பட்டது. ஸ்மாஷ் ஹிட்ஸ் 2006லேயே போயிற்று. இந்த வரிசை என் வாதத்துக்கு எதிரானது என்று எனக்குத் தோன்றவில்லை. விற்பனை, விளம்பரம் என்று காரணங்கள் பல இருந்தாலும், பாட்டு வரி இலவசமாகக் கிடைத்ததும் வரியை விற்ற இதழுக்கும் நம் பாட்டுப் புத்தகத்துக்கும் வேலை இல்லாமல் போனது உண்மை. செய்தியும் மதிப்பெண்ணும் போனுக்குப் போய்விட்டன. சுவரில் ஒட்டுவது போகவில்லை. ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிப்பது முழுக்கப் போய்விட்டதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. போன் காட்டும் கூட்டம் பெரிது, பக்கத்து ஊர்க்காரன் அதில் கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. பழைய இசை இதழ்களின் மிகப் பயன்பட்ட பக்கம் எது என்றால், வடிவமைப்புப் புத்தகங்கள் எதிலும் படம் போடாத வரி விளம்பரப் பக்கத்தைத்தான் சொல்வேன். ஃபில் காலின்ஸ் ஜெனிசிஸ் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது 1970இல் மெலடி மேக்கர் என்ற இசை இதழில் வந்த விளம்பரம் பார்த்து. 1981இல் லாஸ் ஏஞ்சலஸில் லார்ஸ் உல்ரிச் தி ரீசைக்ளர் என்ற விளம்பரத் தாளில் ஆள் தேடியதற்கு ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் பதில் சொன்னார்; மெட்டாலிக்கா அப்படித்தான் உருவானது. தி சோர்ஸ் ஒப்பந்தம் இல்லாத ராப்பர்களுக்கென ஒதுக்கிய பகுதியில் 1992 மார்ச்சில் நோட்டோரியஸ் பி.ஐ.ஜி. வந்தார்.

ஆகவே உங்கள் மாதிரி இதழில் கடைசி உட்பக்கத்தை முதலில் வடிவமைத்துப் பாருங்கள். மூன்று பத்தி, ஊர்ப் பெயர் தடித்த எழுத்தில், ஊர் அகர வரிசையில், கட்டணம் இல்லை. பின்னணிப் படம் எதுவும் வேண்டாம். திருச்சியில் டிரம்மர் தேவை என்று ஒருவர் அனுப்பும் இரண்டு வரி, மங்கிய தெருவிளக்கிலும் படிக்கும் அளவில், எண் பிழையின்றி, வெட்டி எடுத்தால் பின்பக்கத்தில் யாருக்கும் இழப்பில்லாதபடி அமைகிறதா என்று பாருங்கள். பெயரெழுத்து எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.