மூணு தடவை அழிச்சும் திரும்பி வந்த ஆட்வேர்

போன செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஏம்ப்பா, கம்ப்யூட்டரைத் தொறந்தாலே ரம்மி விளம்பரமா வருதே, என்னன்னு பாரேன்." அப்பா சின்னதா ஒரு ஹார்டுவேர்ஸ் கடை வச்சிருக்கார். கடையோட ஜிஎஸ்டி, பேங்க் வேலை எல்லாம் வீட்டில் இருக்கும் அந்தப் பழைய டெஸ்க்டாப்பில்தான். பாஸ்வேர்டு எல்லாமே பிரவுசரில் சேவ் ஆகியிருக்கும்.

நானும் பெரிய இன்ஜினியர் மாதிரி உட்கார்ந்து, தெரியாத புரோகிராமை அன்இன்ஸ்டால் பண்ணினேன். மறுநாள் காலையில் திரும்ப வந்துடுச்சு. பிரவுசரை ரீசெட் பண்ணினேன், வந்துடுச்சு. பிரவுசரையே தூக்கிட்டுப் புதுசா போட்டேன், அப்பவும் வந்துடுச்சு. அப்புறம்தான் உறைச்சது. நான் மூணு தடவையும் அழிச்சது கண்ணுக்குத் தெரிந்த விளம்பரத்தை. அதைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிற ஆள் வேற எங்கேயோ பத்திரமா உட்கார்ந்திருக்கான். உங்க வீட்டுலயும் இதே கதைன்னா, அவனை எங்கெல்லாம் தேடணும்னு பார்ப்போம்.

முதல்ல எளிதானதை முடிச்சிடுவோம். ஸ்கிரீனின் வலது கீழ் மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்" என்று பாப்-அப் வருதா? பெரும்பாலும் அது வைரஸே இல்லை. யாரோ ஏதோ ஒரு சைட்டில் நோட்டிஃபிகேஷனுக்கு 'அலவ்' கொடுத்திருப்பாங்க. குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ் போய், தெரியாத சைட்டை எல்லாம் நீக்கினால் முடிஞ்சது. அதுக்கு ஆயிரம் ரூபாய் வாங்குற கடைகளும் இருக்கு.

அது இல்லைன்னா, அடுத்து டாஸ்க் ஷெட்யூலர். ஸ்டார்ட் மெனுவில் இந்தப் பேரைத் தேடினால் வரும். குறிப்பிட்ட நேரத்துக்கோ, லாகின் ஆகும்போதோ ஒரு புரோகிராமைத் தானா ஓடவைக்க விண்டோஸே கொடுத்திருக்கும் வசதி இது. நல்ல சாஃப்ட்வேரும் அப்டேட் பார்க்க இதைப் பயன்படுத்தும், அதனால் ஆட்வேர் ஒளிஞ்சுக்க வசதியான இடம். இடது பக்கம் 'டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரி'யைத் திறந்து ஒவ்வொரு டாஸ்க்கையும் கிளிக் பண்ணுங்க. பேரை நம்பாதீங்க, 'அப்டேட்'னுதான் பேர் வச்சிருக்கும். கீழே 'ஆக்‌ஷன்ஸ்' டேபில் எந்த ஃபைலை ஓட்டுதுன்னு பாருங்க. ஆப்டேட்டா, டெம்ப் மாதிரி ஃபோல்டரில் இருக்கும் அர்த்தமில்லாத எழுத்துப் பேர் ஃபைல், இல்லேன்னா பவர்ஷெல்லை மறைவா ஓடவிடும் நீளமான கமாண்ட் இருந்தால் சந்தேகப்படலாம். எங்க வீட்டில் இருந்தது இரண்டாவது வகை. மணிக்கு ஒரு தடவை எழுந்து, நான் அழிச்சதை எல்லாம் திரும்ப டவுன்லோடு பண்ணிட்டு இருந்தது. ஃபைல் இருக்கும் இடத்தைக் குறிச்சுக்கிட்டு, டாஸ்க்கை முதலில் அழிங்க, ஃபைலை அப்புறம் அழிங்க. இதைச் செய்யும்போது நெட்டைக் கழட்டி வைப்பது நல்லது.

அடுத்து பிரவுசர். குரோமின் மூணு புள்ளி மெனுவுக்கு அடியில் 'மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' என்று இருக்கா? வீட்டு கம்ப்யூட்டருக்கு என்ன ஆர்கனைசேஷன்? கம்பெனிகள் தங்கள் மெஷின்களைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்தும் பாலிசி வசதியை ஆட்வேரும் பயன்படுத்தும். அப்படிப் போட்ட எக்ஸ்டென்ஷனுக்கு 'ரிமூவ்' பட்டனே வேலை செய்யாது. அட்ரஸ் பாரில் குரோம், கோலன், ரெண்டு ஸ்லாஷ், பாலிசி என்று ஆங்கிலத்தில் அடிச்சால் எந்தப் பாலிசி இருக்குன்னு காட்டும். சில ஆன்டிவைரஸும் இங்கே ஏதாவது போட்டிருக்கும், அதனால் பார்த்ததும் பதற வேண்டாம். எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமா இன்ஸ்டால் பண்ணச் சொல்லும் பாலிசி இருந்தால், ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசிஸ், கூகுள், குரோம் என்ற வரிசையில் போய் அதை நீக்கணும். கரன்ட் யூசர் பக்கத்திலும் அதே வரிசையில் பாருங்க. தொடும் முன் எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு காப்பி வச்சுக்கோங்க. ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் கை வைக்காதீங்க, அங்கே உண்மையாவே ஆர்கனைசேஷன் இருக்கு.

பிரவுசர் ஷார்ட்கட்டின் பிராபர்ட்டீஸில் 'டார்கெட்' வரியின் கடைசியில் ஏதாவது சைட் முகவரி ஒட்டியிருக்கான்னும், நெட்வொர்க் செட்டிங்ஸில் நீங்க போடாத பிராக்ஸி இருக்கான்னும் பாருங்க. இன்னொன்று, குரோம் சிங்க். கம்ப்யூட்டரையே ஃபார்மட் பண்ணிட்டு ஜிமெயிலில் சைன்-இன் பண்ணினதும் அந்த எக்ஸ்டென்ஷன் சமத்தா திரும்பி வந்து நிற்கும், ஏன்னா அது அக்கவுண்ட்டில் இருக்கு. எக்ஸ்டென்ஷனை நீக்கிட்டு அப்புறம் ஃபார்மட் பண்ணுங்க.

அன்இன்ஸ்டால் பண்ணியும் மிச்சம் இருப்பது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 2015-இல் லெனோவோ லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற ஆட்வேர் கம்பெனியிலேயே ஏற்றி வந்தது வெளியே தெரிந்து பெரிய பிரச்சினை ஆனது. விளம்பரம் நுழைக்க அது தன் ரூட் சர்டிஃபிகேட்டை விண்டோஸில் சேர்த்திருந்தது. புரோகிராமை நீக்கினாலும் சர்டிஃபிகேட் அப்படியே இருந்தது. எல்லா லேப்டாப்பிலும் ஒரே கீ என்பதால், அதே வைஃபையில் இருக்கும் யாரோ ஒருவர் போலி பேங்க் சைட் காட்டினாலும் பிரவுசர் பூட்டுப் படத்தோடு நம்பிவிடும்.

இப்படி ஒவ்வொரு இடமா தேட நேரமில்லைன்னா, மைக்ரோசாஃப்ட் இலவசமா தரும் ஆட்டோரன்ஸ் என்ற டூல் தானா ஓடும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். 'ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்' போட்டால் பட்டியல் சுருங்கும். டிக்கை மட்டும் எடுங்க, உடனே டெலீட் வேண்டாம். கூடவே ஆட்வ்கிளீனர் ஒரு தடவை, விண்டோஸ் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் ஒரு தடவை. ஆஃப்லைன் ஸ்கேனில் விண்டோஸ் முழுசா எழும் முன்பே தேடுவதால், ஓடிட்டு இருக்கும்போது தன்னை மறைச்சுக்கும் ஆட்களும் மாட்டுவாங்க. டிஃபெண்டரில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலையும் பாருங்க. அதில் ஒரு ஃபோல்டர் இருந்தால், அதை ஸ்கேன் பண்ணாதேன்னு யாரோ சொல்லி வச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

எங்க வீட்டில் அப்படி ஒரு ஃபோல்டர் இருந்தது. அதைச் சேர்த்தது நான்தான். ஆறாவது செமஸ்டரில் மினி புராஜெக்ட்டுக்காக ஒரு டிசைன் சாஃப்ட்வேரின் கிராக் வெர்ஷனை அந்த டெஸ்க்டாப்பில் போட்டிருந்தேன். ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணு, இந்த ஃபோல்டரை விலக்கு என்று கூடவே இருந்த ரீட்மீ ஃபைல் சொன்னது, செஞ்சேன். அப்பாகிட்ட இதைச் சொல்ல ரெண்டு நாள் ஆச்சு.

அதைவிடப் பெரிய தப்பு, பயந்துபோய் பேங்க் பாஸ்வேர்டையும் மெயில் பாஸ்வேர்டையும் உடனே மாத்தினது. எந்தக் கம்ப்யூட்டரில்? அதே கம்ப்யூட்டரில்! உள்ளே ஸ்பைவேர் இருந்தால், புதுப் பாஸ்வேர்டையும் நானே கையில் கொடுத்த மாதிரி. ரெண்டு நாள் கழித்து, தெரியாத இடத்திலிருந்து லாகின் என்று அப்பாவின் மெயிலுக்கு அலர்ட் வந்தது. பணம் எதுவும் போகலை. ஆனா அன்னைக்கு ராத்திரி அப்பா தூங்கவே இல்லை.

அதனால் விளம்பரத்தைத் தாண்டி ஸ்பைவேர் சந்தேகம் வந்தால், முதலில் கம்ப்யூட்டரின் நெட்டைக் கழட்டுங்க. ஒரு நல்ல போனில், மொபைல் டேட்டாவில் மெயில் பாஸ்வேர்டை முதலில் மாத்துங்க, ஏன்னா மற்றதை ரீசெட் பண்ணும் லிங்க் எல்லாம் அங்கேதான் வரும். அடுத்து பேங்க். எல்லா டிவைஸிலிருந்தும் சைன்-அவுட் பண்ணுங்க. பிரவுசர் குக்கியைத் திருடியிருந்தால், பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே ஏற்கனவே லாகின் ஆன அக்கவுண்ட்டுக்குள் போகலாம். தெரியாத லாகின் ஒன்று பார்த்துட்டீங்கன்னா, தேடிட்டு இருக்காதீங்க. போட்டோ, டாக்குமென்ட் மட்டும் காப்பி எடுத்துட்டு, 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்து விண்டோஸை ரீசெட் பண்ணுங்க. செட்டப் ஃபைல்களைக் காப்பி எடுக்க வேண்டாம், கிராக் வெர்ஷன் அதில்தான் இருக்கும். நாங்களும் கடைசியில் அதைத்தான் செஞ்சோம். இப்போ அப்பாவுக்கு ஸ்டாண்டர்டு அக்கவுண்ட், அட்மின் பாஸ்வேர்டு தங்கச்சிகிட்ட. என்கிட்ட கொடுக்க மாட்டேன்னுட்டாங்க.

சந்தேகமான டாஸ்க் ஏதாவது கண்ணில் பட்டால் போட்டோ எடுத்து அனுப்புங்க, சேர்ந்து பார்ப்போம். பென் டிரைவில் போட்டு என் ரூமுக்குக் கொண்டு வராதீங்க, ப்ளீஸ்.