பவளத்தொட்டிக்கு எந்தப் புத்தகம்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படும் நண்பர்களிடம் "முதலில் ஒரு நல்ல புத்தகம் வாங்குங்கள்" என்றால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "புத்தகமெல்லாம் பழசு. இப்போ எல்லாமே காணொளியில் கிடைக்குதே!" தொட்டி, சில்லர், விளக்கு, ஸ்கிம்மர் என்று ஆயிரக்கணக்கான வெள்ளியைச் செலவிடத் தயாராக இருப்பவர்கள் ஒரு புத்தகத்துக்குத் தயங்குகிறார்கள். புத்தகமே வேண்டாம் என்பது ஒரு பக்கத் தவறு. வாங்கிய புத்தகத்தில் உள்ளதையெல்லாம் சிங்கப்பூருக்கும் அப்படியே பொருந்தும் என்று நம்புவது இன்னொரு பக்கத் தவறு. இரண்டிலும் சாவது மீனும் பவளமும்தான்.

நம்பிக்கை: பழைய புத்தகத்தால் இனிப் பயனில்லை.

பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் போதும். ஜூலியன் ஸ்ப்ரங்கும் சார்ல்ஸ் டெல்பீக்கும் எழுதிய 'தி ரீஃப் அக்வேரியம்' மூன்று தொகுதிகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது 1994இல் வந்தது. கல் பவளங்களும் ராட்சதச் சிப்பிகளும் அதில். 1997இல் வந்த இரண்டாவதில் மென்பவளங்களும் கடல் சாமந்திகளும். 2005இல் வந்த மூன்றாவது, தொழில்நுட்பத்துக்கு. முதல் தொகுதியின் விளக்கு அத்தியாயம் மெட்டல் ஹாலைடு, ஃப்ளோரசன்ட் காலத்தது. இன்று சிராங்கூன் நார்த் கடைகளில் தொங்குவதெல்லாம் எல்இடி. அந்தப் பக்கங்களை வரலாறாகப் படிக்கலாம்.

பாக்டீரியா பற்றிய பக்கமும் அப்படித்தான். நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே அந்தக் காலப் புத்தகங்கள் எல்லாம் எழுதின. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று டிமோதி ஹோவனெக் குழு 1998இல் காட்டியது. பவளத்தின் உடலுக்குள் வாழும் பாசிகளுக்கு முன்பு ஒரே பேரினப் பெயர்தான். 2018இல் அவற்றைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். கடைக்காரர் 'ஹேமர்' என்று விற்கும் பவளம் பழைய நூல்களில் யூஃபிலியா, 2017க்குப் பிறகு ஃபிம்ப்ரியாஃபிலியா. 'டார்ச்' மட்டும் யூஃபிலியாவாகவே இருக்கிறது.

மாறாதது வேதியியல். 35 உப்புத்தன்மை உள்ள கடல்நீரில் கால்சியம் லிட்டருக்கு ஏறக்குறைய 410 மில்லிகிராம், மெக்னீசியம் 1,300க்குச் சற்றுக் கீழே. பவளம் எலும்புக்கூடு கட்டும்போது கால்சியமும் காரத்தன்மையும் சேர்ந்தே குறைகின்றன. ஒன்றை மட்டும் ஊற்றி ஏற்றினால் மற்றது கெடும். 1994இல் எழுதினாலும் நேற்று எழுதினாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான். புதுக் கருவி வந்த உற்சாகத்தில் நம்மவர்கள் பலர் இந்த அத்தியாயத்தைத்தான் தாண்டிப் போகிறார்கள். இதைவிட அவசியமான அத்தியாயம் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பழைய எச்சரிக்கையே காலாவதியாவதும் உண்டு. பூந்தொட்டிப் பவளம் எனப்படும் கோனியோபோரா தொட்டியில் ஓராண்டு தாண்டாது என்று தொண்ணூறுகளின் நூல்கள் திரும்பத் திரும்ப எழுதின. அன்று அது உண்மை. இன்று தொட்டியிலேயே வளர்த்து வெட்டிய துண்டுகள் பலரிடம் நன்றாக வாழ்கின்றன. ஆகவே ஒரு விலங்கை வாங்கக் கூடாது என்று நூல் சொன்னால், அது பதிப்பான ஆண்டையும் பாருங்கள்.

நம்பிக்கை: இது மேற்கத்தியர் கண்டுபிடித்த கலை; நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்த எண்ணத்தைத் திருத்துவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1961இல் 'டிராபிகல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் லீ சின் எங். ஜகார்த்தாக்காரர், இங்கிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. உயிரினங்கள் ஒட்டியிருந்த கடல் பாறை, கடல்நீர், நல்ல வெளிச்சம், மெல்லிய காற்றுக்குமிழி. அவருடைய ஏற்பாடு அவ்வளவுதான். வடிகட்டிப் பெட்டிதான் உயிர்நாடி என்று உலகம் நினைத்திருந்த காலத்தில், பாறையே வடிகட்டும் என்று அவர் செய்து காட்டினார். இன்று நாம் கிலோ கணக்கில் வாங்கும் லைவ் ராக்கின் கதை அங்கே தொடங்குகிறது. பின்னால் ஜெர்மானியர்கள் நுரையோடு கழிவை அகற்றும் ஸ்கிம்மரைச் சேர்த்து வளர்த்தது இந்த வழியைத்தான். தொட்டி வரலாறு சொல்லும் எந்த நூலிலும் அவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்ப்பேன்.

நம்பிக்கை: சிங்கப்பூர் வெப்பமண்டலம், பவளத்துக்கு இங்கே குளிரூட்ட வேண்டியதில்லை.

அதிகப் பவளம் சாவது இந்த நம்பிக்கையால்தான், இதில் நம் புத்தகங்களுக்கும் பங்கு உண்டு. நான்கு தொகுதிகளாக 'தி மாடர்ன் கோரல் ரீஃப் அக்வேரியம்' எழுதிய ஃபோஸோவும் நில்சனும் நார்வேக்காரர்கள். குளிர்நாட்டு எழுத்தாளர் ஹீட்டருக்குப் பல பக்கம் ஒதுக்குவது இயல்பு. அதைப் படித்துவிட்டு, "நமக்கு ஹீட்டரே வேண்டாம், வெப்பநிலைத் தொல்லை தீர்ந்தது" என்று முடிவுகட்டுகிறோம்.

இங்கே தொல்லை மறுபக்கத்திலிருந்து வருகிறது. ஏர்கான் ஓடாத வீவக வீட்டுக்கூடத்தில் பகலில் 30, 31 டிகிரி சாதாரணம். மோட்டாரும் விளக்கும் அதன்மேல் ஓரிரு டிகிரி ஏற்றும். "நம் கடலிலேயே 29, 30 டிகிரியில் பவளம் வாழ்கிறதே" என்பார்கள். வாழ்கிறது. சிங்கப்பூர்க் கடலில் ஏறக்குறைய 250 வகைக் கல் பவளங்கள் உண்டு. ஆனால் அவை எல்லையில் நின்று வாழ்பவை. 1998இல் கடல் இயல்பைவிடச் சற்றுக் கூடுதலாகச் சூடானபோது இங்கே பெரிய அளவில் வெளிறிப்போயின. கடலுக்கே அவ்வளவுதான் இடைவெளி என்றால் நூறு லிட்டர் தொட்டிக்கு என்ன இருக்கும்? மேலும், சூடான நீரில் உயிர்வளி குறைவாகத்தான் கரையும். தொட்டியை 26, 27 டிகிரியில் நிறுத்துவதே பாதுகாப்பு; அதற்குப் பெரும்பாலும் சில்லர் வேண்டும்.

மின்விசிறி போதாதா? கொஞ்சம் உதவும். ஆனால் நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் ஆவியாகிக் குளிர்வது குறைவு. விசிறி வைத்த தொட்டியைக் கண்ணாடி ஓரமாகக் குனிந்து பாருங்கள். நேற்று நீர் நின்ற கோட்டில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும், இன்று நீர் அதற்கு ஒரு விரற்கடை கீழே நிற்கும். போனது நீர் மட்டும். உப்பு உள்ளேயே இருக்கிறது. அந்தக் குறையை உப்புநீரால் நிரப்பினால் உப்புத்தன்மை நாளுக்கு நாள் ஏறும். நன்னீரால்தான் நிரப்ப வேண்டும்.

நம்பிக்கை: குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும்.

பழைய புத்தகங்கள் பலவற்றில் இந்த யோசனை இருக்கிறது. குளோரினுக்கு அது சரி. ஆனால் பொதுப் பயனீட்டுக் கழகம் நம் குழாய்நீரில் பயன்படுத்துவது குளோரமின். அது அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது. மருந்து ஊற்றி உடைத்தாலும் அதிலிருந்து அம்மோனியா வெளிவரும். குடிப்பதற்கு உலகத்தரமான நீர் என்பதில் சந்தேகமே இல்லை, பவளத்துக்கு மட்டும் அது பொருந்தாது. நல்ல கார்பன் வடிகட்டியோடு சேர்ந்த ஆர்ஓ (எதிர்ச் சவ்வூடுபரவல்), அதன் பின் டிஐ (அயனி நீக்கும்) பிசின் என்று போவதே வழி.

கரையில் முகந்த கடல்நீர் இலவசம்தானே என்பார்கள். மழையும் ஆறுகளும் கலப்பதால் நம் கரையோரத்தின் உப்புத்தன்மை பெரும்பாலும் 30ஐ ஒட்டியே இருக்கிறது, கலங்கலும் அதிகம். புத்தகம் சொல்லும் 35க்கு உப்புத்தூள் கலந்து கொள்வதே நல்லது.

சின்னத் தொட்டி சுலபம் என்பதும் தவறு. நீர் குறையக் குறையத் தவறைத் தாங்கும் சக்தியும் குறையும்.

நம்பிக்கை: கடையில் விற்கிறார்கள் என்றால் வளர்க்க முடியும் என்றுதானே பொருள்?

இல்லை. ஒரு நல்ல நூல் தன் விலையைத் திருப்பிக் கொடுப்பது இந்த இடத்தில்தான். மாண்டரின் மீனைப் பாருங்கள். நீலத்தில் ஆரஞ்சுக் கோலம் போட்டதுபோல் உடல். பாறை ஓரமாக மெல்ல நகரும், நிற்கும், கண்ணை உருட்டிப் பார்க்கும், ஒரு கொத்து கொத்தும். ஒவ்வொரு கொத்துக்கும் கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவில் கோப்பிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிர் ஒன்று உள்ளே போகிறது. பகல் முழுக்க இதே வேலை. புதுத் தொட்டியில் அந்த இரை சில நாளில் தீர்ந்துவிடும்; பிறகு வயிறு ஒட்டி, முதுகு கூர்மையாகி, மெல்லப் பட்டினியில் சாகும். பண்ணையில் பிறந்து குருணை தின்னப் பழகியவை இப்போது வருகின்றன. அப்படிப்பட்டதா என்று கேட்டு, தின்பதைக் கண்ணால் பார்த்து வாங்க வேண்டும்.

ராபர்ட் ஃபென்னர் 1998இல் எழுதிய 'தி கான்ஷியன்ஷியஸ் மரைன் அக்வேரிஸ்ட்' எதை வாங்கக் கூடாது என்று தயங்காமல் சொல்லும் நூல். 2008இல் திருத்திய பதிப்பு வந்தது. ஸ்காட் மைக்கேலின் கையடக்க மீன் வழிகாட்டி, ஒவ்வொரு மீனும் தொட்டியில் எவ்வளவு தாங்கும் என்று தரம் பிரித்துக் காட்டும். கடைக்குப் போகும்போது இதைக் கையில் எடுத்துப் போகலாம். எரிக் போர்னெமனின் 'அக்வேரியம் கோரல்ஸ்' 2001. பவளத்தின் நோய்களுக்கு இன்றும் அதைப் புரட்டுகிறேன்.

2003இல் வந்த நீமோ படத்துக்குப் பிறகு பிள்ளைகள் கேட்டுப் பெற்றோர் வாங்கும் கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தி கட்டாயம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. தொட்டியில் அது தேவையே இல்லை. சாமந்திதான் இரண்டில் கடினம்: பலத்த வெளிச்சம் வேண்டும், இடம் மாறி நகரும், மோட்டாரில் சிக்கிச் சிதைந்து தொட்டி முழுவதையும் கெடுக்கும். ஃபாட்டினும் ஆலனும் 1992இல் எழுதிய களக் கையேடு எந்த மீன் எந்தச் சாமந்தியோடு வாழும் என்பதைச் சொல்கிறது. வளர்க்க, ஜாய்ஸ் வில்கர்சனின் 1998 நூல் போதும். எழுபதுகளின் தொடக்கத்தில் கோமாளி மீனை வணிக அளவில் குஞ்சு பொரிக்க வைத்த மார்ட்டின் மோவின் 'தி மரைன் அக்வேரியம் ஹேண்ட்புக்' அதற்கு முன்பே 1982இல் வந்துவிட்டது.

அமெரிக்க நூல் எதுவும் நமக்குச் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜோகூரில் பவளம் மலிவு, பையில் போட்டுக்கொண்டு வரலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். கல் பவளம், ராட்சதச் சிப்பி, கடற்குதிரை மூன்றும் சைடஸ் எனும் அருகிவரும் உயிரின வணிக உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. அனுமதிச்சீட்டு இல்லாமல் சிங்கப்பூருக்குள் கொண்டுவருவது குற்றம். அந்தச் சட்டத்தைக் கவனிப்பது தேசியப் பூங்காக் கழகம்.

வரிசை கேட்பவர்களுக்கு: தொட்டியில் நீர் ஊற்றும் முன் ஃபென்னர். தொட்டியில் பாக்டீரியா வளர, தேக்கா ஈரச்சந்தையில் வாங்கிய ஓர் இறாலைப் போட்டு அழுகவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கக் காத்திருக்கும் நான்கு முதல் ஆறு வாரத்தில் ஸ்ப்ரங்–டெல்பீக் மூன்றாம் தொகுதி. முதல் பவளத்துக்கு முன் போர்னெமன். இவற்றில் பல இப்போது அச்சில் இல்லை. தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் அட்டவணையில் முதலில் தேடுங்கள். கிடைக்காதவற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸின் பழைய புத்தகக் கடைகளில் விசாரியுங்கள்.