தீமிதிப்பும் மூளையின் நினைவும்

பழுகாமம் திரௌபதை அம்மன் ஆலயத்திலே தீக்குழியைக் கடந்து வந்த அடியாரிடம் உடனே கேட்டால், நடந்ததைச் சொல்ல வார்த்தை வராமற் போவதுண்டு. பக்தி மேலீடு என்போம். அதனோடு மூளையின் தொழிற்பாடும் உண்டு.

ஸ்பெயின் நாட்டின் சான் பெட்ரோ மன்ரிக்கே என்னும் சிற்றூரிலும் ஆண்டுதோறும் யூன் 23ஆம் திகதி இரவு தீமிதிப்பர். 2008இல் டிமிட்ரிஸ் சைகலாற்றஸ் முதலிய ஆய்வாளர்கள் அவர்களது இதயத்துடிப்பைக் கருவி கொண்டு அளந்தனர். கருவி கடும் படபடப்பைக் காட்டியது. அவர்களோ அமைதியாகவே நடந்தோம் என்றனர்! நடந்த கையோடு அவர்கள் கூறியது கொஞ்சம். ஆனால் அது பெரும்பாலும் சரியாக இருந்தது. இரண்டு மாதங்களின் பின் உறுதியோடு கூறினர், பிழைகளோ கூடியிருந்தன.

இது பொய்யன்று. நெருக்கடி வேளையில் அதிரினலின் சுரந்து கவனம் ஒன்றிலேயே குவிகின்றது. ஏனையவை சரிவரப் பதிவதில்லை. பின்பு நினைக்குந்தோறும் அவ்விடைவெளிகளை மூளை தானே நிரப்பிக் கொள்கின்றது. ஊராரின் பேச்சும் அதிற் கலந்துவிடும்.

அதே அளவீட்டில் இன்னொன்றும் தெரிந்தது. பார்த்து நின்ற உறவினர், நண்பரின் இதயத்துடிப்பும் தீமிதித்தவரின் துடிப்போடு ஒத்து ஏறி இறங்கியது. வெளியூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தோரிடம் அது காணப்படவில்லை.