ஈஸா நபி (அலை) அவர்களின் பிறப்பு: இரு வேதங்களிலும் உள்ளது எது?

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்களில் படிக்கும் நம் பிள்ளைகள், அங்கே வைக்கோல் பரப்பி, காகித நட்சத்திரம் தொங்கவிட்டு அமைத்திருக்கும் குடிலைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். புத்தகப் பையை இறக்கி வைக்கும் முன்பே, "வாப்பா! அவர்கள் சொல்லும் யேசுவும் நம் ஈஸா நபியும் ஒருவர்தானா? மாட்டுத் தொழுவத்தில் பிறந்தார்கள் என்கிறார்களே, அது குர்ஆனிலும் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள்.

இக்கேள்விக்கு நம்மில் பலர் இரண்டு விதமாகப் பதில் கூறி வருகிறோம். "அது அவர்கள் சமாச்சாரம், உனக்கென்ன?" என்று அதட்டி வாயடைப்பது ஒன்று. "எல்லாம் ஒன்றுதான், போய்ப் படி" என்று தட்டிக் கழிப்பது மற்றொன்று. முதல் பதிலைக் கேட்ட பிள்ளை, ஈஸா நபி (அலை) அவர்களுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று எண்ணிவிடுகிறது. அவர்களை நபியென ஏற்காதவரின் ஈமான் நிறைவு பெறாது என்பதை அது அறியாமலே வளர்கிறது. இரண்டாம் பதிலைக் கேட்ட பிள்ளையோ, திருமறை சொல்லாததையெல்லாம் திருமறை சொன்னதாக நம்பிக்கொள்கிறது. இரண்டும் நஷ்டமே.

பிறரைக் குறை கூறுவானேன்? நாமே ஒருமுறை ஒரு கூட்டத்தில் பேசும்போது, "மூன்று அரசர்கள் வந்து வணங்கியதாக பைபிளில் கண்டிருக்கிறது" என்று கூறிவிட்டோம். கேட்டுக் கொண்டிருந்த கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவர் மறுநாள் நம்மைத் தேடி வந்தார். மத்தேயுவின் இரண்டாம் அதிகாரத்தை நம் முன் திறந்து வைத்து, "இதில் மூவர் என்றோ அரசர் என்றோ எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பாய்" என்று அமைதியாகக் கேட்டார். நமக்கு வெட்கமாகப் போயிற்று. பிறர் வேதத்தில் இல்லாததை இருப்பதாகக் கூறுவதும் பொய்தானே! அன்று முதல் இவ்விஷயத்தை முறையாகப் படித்தறிந்தோம். அவ்வாறு அறிந்ததை இங்கே வாசகர்கள் முன் வைக்கிறோம்.

நான்கில் இரண்டு

ஈஸா நபி (அலை) அவர்களுக்கு அல்லாஹ் அருளிய வேதம் இன்ஜீல் என்பது நம் நம்பிக்கை. இன்று கிறிஸ்தவர்களிடம் இருப்பவை மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நால்வர் பெயரால் வழங்கும் நான்கு வரலாறுகள். இவற்றைச் சுவிசேஷங்கள் என்பர். இந்த நான்கிலும் பிறப்பு வரலாறு இருப்பதாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் மத்தேயு, லூக்கா ஆகிய இரண்டில் மட்டுமே அது உள்ளது. மாற்கு, யஹ்யா நபி (அலை) அவர்களின் பிரசாரத்திலிருந்து தொடங்குகிறது. அவர்களைக் கிறிஸ்தவர்கள் யோவான் ஸ்நானகன் என்பர். யோவான் சுவிசேஷமோ, ஆதியில் இருந்த வார்த்தையைப் பற்றிய பேச்சோடு தொடங்குகிறது.

மத்தேயு கூறுவது

மத்தேயு ஒரு வம்ச அட்டவணையுடன் துவங்குகிறது. இப்ராஹீம் நபி (அலை) அவர்களிலிருந்து தாவூது நபி (அலை) வழியாக, மர்யமுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த யோசேப்பு வரை தலைமுறைகள் எண்ணப்படுகின்றன. இதில் மலக்கின் செய்தி யோசேப்புக்கே கனவில் வருகிறது. ஏரோது மன்னனின் நாளில் பெத்லகேமில் குழந்தை பிறக்கிறது. கிழக்கிலிருந்து ஞானிகள் நட்சத்திரம் கண்டு வருகிறார்கள். அவர்கள் எத்தனை பேர் என்று கூறப்படவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று இருப்பதால் ஆட்களும் மூவர் என்று பிற்காலத்தார் கொண்டனர். அவர்கள் வந்து குழந்தையைக் கண்ட இடம் வீடு என்றே அதில் உள்ளது. பின்னர் ஏரோது, பெத்லகேமில் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்லச் செய்கிறான். குடும்பம் மிஸ்ருக்குத் தப்பிச் செல்கிறது. அவன் இறந்தபின் திரும்பி நாசரேத்தில் குடியேறுகிறது.

லூக்கா கூறுவது

லூக்கா வேறிடத்தில் துவங்குகிறது. முதியவரான ஜக்கரிய்யா நபி (அலை) அவர்களுக்கு ஆலயத்தில் ஜிப்ரயீல் (அலை) மகன் பிறக்கும் நற்செய்தி கூறுகிறார். பின்னர் அதே மலக்கு நாசரேத்தில் மர்யமிடமே வருகிறார். ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் குடிமதிப்பு எழுதக் கட்டளையிட்டதால் யோசேப்பும் மர்யமும் பெத்லகேமுக்குப் பயணமாகின்றனர். தங்க இடமில்லாததால் குழந்தையை முன்னணையில், அதாவது கால்நடைகளின் தீவனத் தொட்டியில், கிடத்துகிறார்கள். வயலில் கிடை காவல் காத்த ஆட்டிடையர்களுக்கு மலக்கு செய்தி கூற, அவர்கள் வந்து பார்க்கிறார்கள். எட்டாம் நாள் கத்னா செய்து பெயரிடப்படுகிறது. பின் எருசலேம் ஆலயத்திற்குக் கொண்டு சென்று, ஏழைகளின் காணிக்கையான இரு பறவைகளைச் செலுத்துகிறார்கள்.

லூக்காவில் நட்சத்திரமில்லை, ஞானிகளில்லை, மிஸ்ருப் பயணமில்லை. மத்தேயுவில் குடிமதிப்பு இல்லை, முன்னணை இல்லை, இடையர்களும் இல்லை. ஆகவே நம் பிள்ளைகள் காணும் குடில் இரு நூல்களின் செய்திகளையும் ஒரே காட்சியாகச் சேர்த்து வைத்ததாகும். மர்யம் கன்னியாயிருந்தே கருவுற்றது, பெத்லகேமில் பிறந்தது, நாசரேத்தில் வளர்ந்தது ஆகியவற்றில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

வேறுபாடுகளும் உண்டு. யோசேப்பின் தகப்பனார் யாக்கோபு என்கிறது மத்தேயு. ஏலி என்கிறது லூக்கா. ஏரோது இறந்தது கி.மு. 4ஆம் ஆண்டு என்பதே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் முடிவு. லூக்கா குறிப்பிடும் சீரியா நாட்டு அதிபதி சிரேனியு நடத்திய குடிமதிப்போ, யூத சரித்திராசிரியர் ஜோசிபஸ் தரும் விவரப்படி கி.பி. 6ஆம் ஆண்டில் நடந்தது. இவ்விடைவெளியைக் கிறிஸ்தவ அறிஞர்களே நெடுங்காலமாக ஆராய்ந்து பலவித விளக்கங்கள் கூறி வருகின்றனர். இதை எடுத்துச் சொல்வது எவரையும் ஏளனம் செய்வதற்கல்ல. பிள்ளை கேட்டால் உள்ளபடி கூறத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே.

முன்னைய வேதங்களின் ஆதாரம்

மத்தேயு தன் வரலாற்றின் ஒவ்வொரு கட்டத்திலும் பனூ இஸ்ராயீல்களின் பழைய ஏடுகளைச் சான்றாகக் காட்டுகிறது. பெத்லகேமுக்கு மீகா, மிஸ்ரிலிருந்து திரும்பியதற்கு ஓசியா, குழந்தைகளின் கொலைக்கு எரேமியா, கன்னிப் பிறப்புக்கு ஏசாயா என்று அவை அமைந்துள்ளன.

இவற்றுள் அதிகம் விவாதிக்கப்படுவது ஏசாயாவின் ஏழாம் அதிகாரம். கி.மு. எட்டாம் நூற்றாண்டில், பகை நாட்டார் இருவர் சேர்ந்து படையெடுக்க வந்தபோது, நடுங்கிய ஆகாஸ் மன்னனுக்கு ஏசாயா ஓர் அடையாளம் கூறுகிறார்; ஒரு பெண் ஆண்மகவை ஈன்றெடுப்பாள் என்பது அது. அங்கே எபிரெய மூலத்திலுள்ள 'அல்மா' என்ற சொல் இளம்பெண் என்று பொருள்படும். கி.மு. காலத்திலேயே யூதர்கள் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பில் 'பார்த்தெனோஸ்' என்ற சொல் இடப்பட்டது. அதற்குக் கன்னி என்பதே வழக்கமான பொருள். மத்தேயு கிரேக்கத்தில் எழுதப்பட்டதால் அச்சொல்லையே எடுத்தாண்டது. இதனால் யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் நெடுங்காலத் தர்க்கம் எழுந்தது.

நமக்கு இதில் கலக்கமில்லை. மர்யம் (அலை) அவர்களின் கற்பை நாம் நம்புவது ஒரு எபிரெயச் சொல்லின் பொருளைக் கொண்டல்ல. அல்லாஹ் தன் திருமறையில் அதற்குச் சாட்சி கூறியிருப்பதைக் கொண்டே.

வழக்கத்தில் சேர்ந்தவை

டிசம்பர் 25 என்ற தேதி பைபிளில் எங்குமில்லை. கி.பி. 354ஆம் ஆண்டைச் சேர்ந்த ரோமாபுரி ஏடு ஒன்றில் அத்தேதி காணப்படுகிறது. ஆர்மீனியத் திருச்சபையினர் ஜனவரி 6இல் கொண்டாடுகின்றனர். பழைய ஜூலியன் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் ரஷியத் திருச்சபையினருக்கு அது நம் நாட்காட்டியில் ஜனவரி 7இல் வருகிறது. மாடும் கழுதையும் பிறப்பு வரலாற்றில் இல்லை. ஏசாயாவின் முதல் அதிகாரத்தில் வேறு சந்தர்ப்பத்தில் வரும் மாட்டையும் கழுதையையும் பிற்காலத்தார் இங்கே பொருத்தினர். குடில் அமைக்கும் வழக்கம் பரவுவதற்குக் காரணமாயிருந்தவர் அசிசி நகர் பிரான்சிஸ். அவர் 1223இல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் அவ்வாறு செய்தார்.

திருக்குர்ஆன் கூறுவது

திருமறையில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ள ஒரே பெண்மணி மர்யம் (அலை) அவர்களே. அப்பெயர் 34 இடங்களில் வருகிறது. 19ஆம் அத்தியாயம் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது.

ஆலஇம்ரான் அத்தியாயத்தின் 35ஆம் ஆயத்திலிருந்து, மர்யமின் தாயார் தம் வயிற்றிலுள்ள சிசுவை அல்லாஹ்வுக்காக நேர்ச்சை செய்வது முதல் வரலாறு தொடங்குகிறது. பிறந்தது பெண்ணாயிருந்தும் அல்லாஹ் அழகிய முறையில் ஏற்றுக்கொண்டான். யார் வளர்ப்பது என்று எழுதுகோல்களைப் போட்டுத் தீர்மானித்தனர். ஜக்கரிய்யா நபி (அலை) பொறுப்பேற்றார்கள். மிஹ்ராபில் நுழையும்போதெல்லாம் அங்கே உணவு இருக்கக் கண்டு வியந்தார்கள். மத்தேயுவிலும் லூக்காவிலும் மர்யமின் பிள்ளைப் பருவம் பற்றி எதுவுமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மர்யம் அத்தியாயத்தில் பிறப்பு கூறப்படுகிறது. அங்கே யோசேப்பு இல்லை, சத்திரமில்லை, நட்சத்திரமில்லை, ஊர்ப் பெயரும் இல்லை. பிரசவ வேதனையோடு தூரமான ஓரிடத்தில், ஒரு பேரீத்த மரத்தின் அடியில், ஒரு பெண் தன்னந்தனியாக இருக்கிறாள். இதற்கு முன்பே இறந்து மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று ஏங்குகிறாள். கவலைப்படாதே என்று ஒரு குரல் ஆறுதல் கூறுகிறது. கீழே நீரோடை; மரத்தை உலுக்கினால் கனிந்த பழம். பிள்ளை பெற்ற எந்தத் தாய்க்கும் முதலில் வேண்டுவன தண்ணீரும் உணவும் மன ஆறுதலுமல்லவா? அவற்றையே அல்லாஹ் முதலில் அளித்தான். நம் வீட்டுப் பெண்மணிகள் இந்த ஆயத்துக்களை ஓதும்போது கண்கலங்குவதற்குக் காரணம் இதுதான்.

குழந்தையைச் சுமந்து வந்த அந்த அன்னையை ஊரார் பழித்தபோது, அவர்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. குழந்தையைச் சுட்டிக் காட்டினார்கள். தொட்டில் பிள்ளை பேசிற்று. தாம் அல்லாஹ்வின் அடிமை என்பதே அதன் முதற் பேச்சு. தம் தாயாருக்கு நன்மை செய்பவராகத் தம்மை அல்லாஹ் ஆக்கியிருப்பதையும் அது கூறிற்று.

இங்குதான் நமக்கும் கிறிஸ்தவர்களுக்கும் உள்ள பெரும் வேறுபாடு நிற்கிறது. தந்தையின்றிப் பிறந்ததில் வேறுபாடில்லை. அதனால் அவர்கள் இறைமகன் ஆவார்களா என்பதில்தான் வேறுபாடு. ஆதம் நபி (அலை) தந்தையும் தாயுமின்றியே படைக்கப்பட்டதை ஆலஇம்ரான் 59ஆம் ஆயத்து நினைவூட்டி இதற்கு விடை தருகிறது.

தெரியாததைக் கேட்டறிந்த தோழர்

ஊரார் மர்யமை 'ஹாரூனின் சகோதரி' என்று அழைத்ததாகத் திருமறை கூறுகிறது. நஜ்ரான் நாட்டுக் கிறிஸ்தவர்கள் முகீரா (ரலி) அவர்களிடம், "மூஸாவின் சகோதரர் ஹாரூனுக்கும் ஈஸாவுக்கும் எத்தனையோ காலம் இடைவெளி உண்டே, இது எப்படி?" என்ற கருத்தில் வினவினர். முகீரா (ரலி) மழுப்பவில்லை, கோபிக்கவுமில்லை. மதீனா திரும்பியதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். அக்கால மக்கள் தங்களுக்கு முன் சென்ற நபிமார்கள், நல்லடியார்களின் பெயர்களைச் சூட்டிக்கொள்வது வழக்கம் என்று நாயகம் (ஸல்) விளக்கினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. தெரியாததைக் கேட்டறிவதில் இழுக்கில்லை என்பதற்கு இது போதாதா?

அரசவையில் ஓதிய அத்தியாயம்

சுமார் கி.பி. 615இல் மக்காவின் கொடுமை தாங்காமல் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்ற முஸ்லிம்கள் கிறிஸ்தவ மன்னர் நஜாஷியின் அவையில் நிறுத்தப்பட்டனர். ஜஃபர் (ரலி) அவர்கள் மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓத, மன்னர் அழுதார். மறுநாள் குறைஷித் தூதர்கள், ஈஸாவைப் பற்றி இவர்கள் தகாதது பேசுகிறார்கள் என்று மூட்டிவிட்டனர். அகதிகளின் நிலையோ ஆபத்தானது. மன்னர் மனம் கோணினால் மக்காவுக்குத் திருப்பி அனுப்பப்படுவார்கள். ஆயினும் என்ன வந்தாலும் அல்லாஹ் கூறியதையே கூறுவது என்று முடிவு செய்தனர். ஈஸா (அலை) அல்லாஹ்வின் அடியார், தூதர், கன்னி மர்யமிடம் அவன் இட்ட வாக்கு, அவனிடமிருந்து வந்த ரூஹு என்று ஜஃபர் (ரலி) மொழிந்தார்கள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இகழ்ச்சியாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. மன்னரும் அதை ஏற்று அவர்களுக்கு அடைக்கலம் தந்தார்.

எனவே பிள்ளை வந்து கேட்கும்போது நாம் கூற வேண்டிய பதில் இதுதான்: "ஆம் மகனே! அவர்கள் யேசு என்றழைப்பது நம் ஈஸா நபியைத்தான். நட்சத்திரமும் தொழுவமும் அவர்கள் நூல்களிலிருந்தும் வழக்கத்திலிருந்தும் வந்தவை. நம் திருமறையில் அவை இல்லை. திருமறையில் இருப்பது பேரீத்த மரமும் நீரோடையும் தொட்டிலில் பேசிய குழந்தையும். அவர்களை நாம் நபியாக ஏற்று நேசிக்கிறோம், வணங்குவதில்லை. உன் தோழனிடம் அவனுடைய வேதத்தைப் பற்றிக் கேலி பேசாதே. உன் வேதம் சொல்வதைக் கேட்டால் தெளிவாகச் சொல்." அன்றிரவே அப்பிள்ளையை அருகில் அமர்த்தி மர்யம் அத்தியாயத்தை ஓதி அதன் பொருளையும் கூறுங்கள். தாய் ஓதிக் காட்டினால் இன்னும் சிறப்பு.

உள்ளதை உள்ளபடி அறிந்து, அழகிய முறையில் எடுத்துக் கூறும் நல்லருளை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நம் மக்களுக்கும் வழங்குவானாக! ஆமீன்.